தபிதா ஓடை

எல்வின் ஸ்டானர்ட் இருபத்திரண்டு வருடம் விடாமல் சொல்லிவந்த பொய்யினால், 1978 ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வெஸ்ட் கில்லம் ஊரின் சரளைக் குழிக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடத் தொடங்கியது. அகலம், கால் நீளமான ஆள் ஒரே எட்டில் தாண்டும் அளவு. ஆழம் முழங்கால், மூன்று மடுக்களில் மட்டும் இடுப்பு. பால் ஊற்றாத தேநீர் நிறத் தண்ணீர், அடியில் கூழாங்கல், ஓடை டிரவுட் மீன்கள் முந்நூற்றுப் பதினொன்று. முந்தின நாள் வெள்ளிக்கிழமை எல்வினே ஊர் லாரியில் அங்கே நாலு நடை சரளை அள்ளியிருந்தார். அப்போது அந்த இடத்தில் பழைய பனியும், ஹெம்லாக் மரங்களும், யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு டயரும்தான் கிடந்தன. டயர் இப்போது இரண்டாம் மடுவின் ஓரத்தில் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில், மீன்பிடிப் பருவம் திறக்கும் நாளன்று மீன்கூடையோடு வருகிறவரிடம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பது மரியாதை. உண்மையைச் சொல்லாமலிருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. வடக்கே பிடித்தவர் தெற்கே என்பார்; கேட்டவரும் அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் காப்பியைக் குடிப்பார். யார் மனமும் நோகாது. ஒரு சின்ன ஓடையில் நாலு பேர் காலை வைத்தால் அடுத்த வருடம் அதில் தவளைகூட இருக்காது என்பதால் பெரியவர்கள் ஏற்படுத்திய ஒழுங்கு இது. இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. பொய்யாகச் சொல்லும் ஓடை உலகத்தில் இருக்கிற ஓடையாக இருக்க வேண்டும். எல்வின் தவறியது அங்கேதான். 1956இல் ஆறு மீனோடு வில்லா கோப்லியின் கடைக்குள் நுழைந்தவரை, கதவருகிலேயே மடக்கி ஒருவர் கேட்டுவிட்டார். அவசரத்தில் எந்த ஓடையின் பெயரும் வாயில் வரவில்லை. முந்தின நாள்தான், குளிரில் மண் உப்பிச் சாய்ந்துபோன கல்லறைக் கற்களை நிமிர்த்தி வைத்திருந்தார். எங்கள் ஊரில் சாலைகளைப் பராமரிக்கும் சாலைக்காரர்தான் அதையும் செய்ய வேண்டும்; எல்வின்தான் அந்தச் சாலைக்காரர். கடைசியாக நிமிர்த்திய கல்லில் இருந்த பெயர் நாக்கில் நின்றது. தபிதா ஓடை என்று சொல்லிவிட்டார்.

கேட்டவர் ஊர்க்காரராக இருந்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். கேட்டவர் ஆர்மான் டுகெட். கனடா எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, மூன்று வருடத்துக்கு முன் பதினெட்டு மாடும் ஒரு பண்ணையும் வாங்கியிருந்தவர். அவர் பிறந்த ஊரிலும் மீன்காரர்கள் பொய் சொல்வார்கள்தான். ஆனால் மீனின் நீளத்தில் சொல்வார்கள், இடத்தில் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவர் மீன் நீளத்தில் பாதியைத் தள்ளிவிட்டு, இடத்தை அப்படியே நம்பினார். அடுத்த வருடம் பருவம் திறந்த அன்று காலை ஆறு மணிக்குத் தபிதா ஓடையைத் தேடிப் புறப்பட்டார். மாலை நாலு மணிக்கு இரண்டு பூட்ஸிலும் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிட்டதுதான் துரதிர்ஷ்டம். மார்ச் சேற்றில் அச்சுவரை புதைந்த எல்வினின் சாலை நிரவும் வண்டியை ஆர்மான் தன் டிராக்டரால் இழுத்துவிட்டார். ஆர்மானின் மனைவி செலெஸ்தின் இறந்த வாரம் முழுக்க, எல்வின் அதிகாலையில் போய்ப் பதினெட்டு மாட்டையும் கறந்தார். அவருக்குக் கறக்கத் தெரியாது, மாடுகள்தான் பொறுத்துக்கொண்டன. பனிக்கால ஞாயிறுகளில் இருவரும் எல்வின் வீட்டுச் சமையலறை மேசையில் சீட்டாடினார்கள், பருவம் திறக்கும் நாளில் தனித்தனியே மீனுக்குப் போனார்கள். மாலையில் கடையில் சந்தித்தால் ஆர்மான் ஓடை எப்படி இருந்தது என்று கேட்பார். எல்வின் ஏதாவது சொல்லியாக வேண்டும். நுழையும் இடத்தில் வளைந்த பிர்ச் மரம் ஒன்று என்றார். மூன்றாம் மடுவின் பக்கத்தில், சாப்பாட்டை விரித்து வைக்கலாம் போல ஒரு தட்டைக் கல் என்றார். 1963இல் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபடியே ஒன்பது மீன் என்றார். 1969இல், என்ன பேய் பிடித்ததோ, வால் நுனி கிழிந்த பதினாலு அங்குல மீன் என்றார். எங்கள் ஓடைகளில் ஒன்பது அங்குலம் என்றாலே ஊர் திரும்பிப் பார்க்கும். பொய்யும் சரளைச் சாலை மாதிரிதான்; ஒரு தடவை போட்டால் வருடா வருடம் நிரவிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எல்வினின் மனைவி வெர்னாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"ஒரு நிமிஷ வேலை. ‘ஆர்மான், அப்படி ஒரு ஓடையே கிடையாது’ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பல்லு புடுங்கற மாதிரி."

"இத்தனை வருஷம் கழிச்சுப் புடுங்கினா தாடையும் சேந்து வந்துரும் வெர்னா."

"அப்போ உன்னோட தாடையக் காப்பாத்திக்க அந்த மனுஷன் காடு காடா அலையணுமா?"

எல்வின், தான் உண்மையில் மீன் பிடித்துவந்த ஓடைக்கே ஆர்மானை அழைத்துப்போய்ச் சமாதானம் செய்துவிடலாம் என்றுகூட ஒரு சமயம் நினைத்தார். அது வெர்னாவின் சித்தப்பாவுடைய மரக்காட்டில் பெயரில்லாமல் ஓடிய ஒன்று. ஆனால் 1972 ஜூன் மழை அங்கே சாலையை அறுத்துக்கொண்டு போனபோது, ஊர்ச்சபை அவசரப்படுத்த, எல்வினே சாலைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை இறக்கினார். நல்ல குழாய், இன்றைக்கும் துரு ஏறவில்லை. ஆனால் அதன் வாய் ஓடை மட்டத்துக்கு இரண்டடி மேலே தொங்கியது. இலையுதிர் காலத்தில் முட்டையிட மேலே ஏறும் டிரவுட், வேகமாகக் கொட்டும் அந்த இரண்டடியைத் தாண்ட முடியாமல் கீழேயே முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நாலு வருடத்தில் மேலே மீனே இல்லை. எல்வினுக்குக் காரணம் புரிந்தபோது காலம் கடந்திருந்தது. தன் கையாலேயே தன் ஓடையை அடைத்தவர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை, யாருக்கும் அது தெரியாது. அவருக்கு மட்டும் தெரிந்தது. கடைசி இரண்டு வருடம் அவர் ஒரு மீன்கூடப் பிடிக்காமல் வந்து, தபிதாவில் பன்னிரண்டு பிடித்து அங்கேயே விட்டுவிட்டதாகச் சொன்னார்.

1978 பிப்ரவரியில் டாக்டர் ஆர்மானின் இதயத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு மாடுகளை விற்றுவிடச் சொன்னார். மார்ச்சில் மாடுகள் போயின. ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் மகள் லிஸ் மே மாதம் வந்து அவரைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பருவம் திறப்பதற்கு முந்தின மதியம், எல்வின் தன் கொட்டகையில் அந்த வருடத்தின் கடைசி மேப்பிள் சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆவிக்குள்ளிருந்து ஆர்மான் வந்து விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார்.

"எல்வின், இருபத்திரண்டு வருஷத்துல உன்னை ஒரு தடவையாவது வழி கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"கேக்கக் கூடாதுன்னு நாலாவது வருஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க ஊர் வழக்கத்த நான் மீறினதில்ல. ஆனா நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போடா. அங்க ஒரு மீன் பிடிச்சிட்டு அப்புறம் லிஸ் வீட்டுல போய் டிவி பாத்துட்டுக் கெடக்கிறேன். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

எல்வின் பாகு பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் சரி என்று சொன்னார். மறுநாள் காலை வெர்னா ரொட்டிக்குள் பன்றித்தொடைக் கறி வைத்துப் பொட்டலம் கட்டினாள், பிளாஸ்கில் காப்பி ஊற்றினாள், இரண்டு டோனட்டும் வைத்தாள். வண்டி கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, உண்மையைச் சொல்லாமல் திரும்பி வராதே என்று மட்டும் சொன்னாள்.

எல்வினின் திட்டம் எளிமையானது. சாலை முடிகிற சரளைக் குழிவரை ஓட்டிப்போவது, இன்ஜினை நிறுத்துவது, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அதற்கப்புறம் ஆர்மான் இறங்கி நடந்து போய்விட்டால் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். உண்மையில் தயாராக இல்லை. வரும் வழியெல்லாம் இந்த ஒரு மனிதர் இல்லாத பனிக்கால ஞாயிறுகளையே எண்ணிக்கொண்டு வந்தார். இன்ஜினை நிறுத்தினார். வாயைத் திறந்தார். ஆர்மான் கையை உயர்த்தினார்.

"இரு. தண்ணிச் சத்தம்."

தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு, சரளைக் குவியலைச் சுற்றி ஆர்மான் முன்னால் நடந்தார். எல்வின் பின்னால் ஓடினார். ஓடை அங்கே இருந்தது. முதல் மடு, இரண்டாம் மடு, தட்டைக் கல்லோடு மூன்றாம் மடு. எல்வின் சில வருடம் பிர்ச் மரம் இடக்கரை என்றும் சில வருடம் வலக்கரை என்றும் மாற்றிச் சொல்லியிருந்தார். இரண்டு கரையிலும் ஒவ்வொன்று வளைந்து நின்றது.

"ரெண்டு மரம்னு ஒழுங்காச் சொல்லியிருக்கலாம்ல? நான் இத்தனை வருஷமா ஒத்தை பிர்ச்சத் தேடிட்டு இருந்திருக்கேன், மடையன் மாதிரி."

எல்வின் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். விரல் விறைத்துப் போகும் பனித்தண்ணீர். ஈரமாகத்தான் இருந்தது. அதற்குமேல் அவர் எதையும் சோதிக்கவில்லை.

ஏப்ரல் டிரவுட் சோம்பேறி. வெயில் தண்ணீரில் விழுந்து, கரைப் பனியின்மேல் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் ஊர ஆரம்பிக்கும்வரை அது வாயைத் திறக்காது. இருவரும் தட்டைக் கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பத்தரை மணிக்குப் பூச்சிகள் ஊர்ந்தன. ஆர்மான் முயல்முடியும் கோழியிறகும் சுற்றி ஈபோல் செய்த முள் ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டினார். ஆல்டர் புதர் தலைக்குமேல் கூரை போட்டிருந்ததால் கோலை வீச இடமில்லை. முழங்காலில் இறங்கி, ஈயை விரல் நுனியில் பிடித்து, கோலை வில்லாக வளைத்துப் புதருக்கு அடியில் எய்தார். ஈ நுரை ஓரத்தில் விழுந்து, அமிழ்ந்து, கல்லை ஒட்டி மெல்ல உருண்டு வந்தது. நரம்பு ஒரு கணம் நின்றது. ஆர்மான் கையைத் தூக்கினார். ஒன்பது அங்குல மீன். முதுகில் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், வயிற்றுத் துடுப்புகளின் விளிம்பில் சுண்ணாம்புக் கீற்று. ஆர்மான் நனைத்த உள்ளங்கையில் அதை வைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு செலெஸ்தினின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய பிரெஞ்சு மொழியில் ஏதோ சொன்னார்.

ஆர்மான் ஆறு பிடித்தார். எல்வினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மீன்கள் அவருடைய ஈயை நெருங்கி வந்தன, பார்த்தன, தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல அப்படியே நின்றன, பிறகு போய்விட்டன. ஐந்து வகை ஈ மாற்றினார். கடைசியில், வால் நுனி கிழிந்த பதினாலு அங்குல மீன் ஒன்று வந்து, அவருடைய பூட்ஸ்மேல் சாய்ந்துகொண்டு இளைப்பாறியது. அதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த மீன்களையெல்லாம் அவர் ஏற்கெனவே பிடித்தாயிற்று. கடையில் நின்று, சாட்சிகளுக்கு முன்னால், ஒன்றுவிடாமல் பிடித்திருக்கிறார். ஒரு மீனை ஒருவரே இரண்டு தடவை புதிதாகப் பிடிக்க முடியாது.

வெர்னாவிடம் என்ன சொல்வது என்ற பயத்தில் அப்போதுதான் அவருக்கு வாய் திறந்தது. கல்லறைக் கல்லிலிருந்து ஆரம்பித்து, காய்ச்சல், பதினாலு அங்குலம், தொங்கும் குழாய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். ஆர்மான் பொறுமையாகக் கேட்டார். பிறகு காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார், கூடையில் கிடந்த ஆறு மீனைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டேய் கஞ்சப்பயலே. காட்டியாச்சு, அப்புறம் இல்லைன்னு சாதிக்கிறியா? நான் மறுபடி வந்துரக் கூடாது, அதானே?"

"சத்தியமாடா, நேத்து இங்க ஒண்ணும் இல்ல!"

"சரி சரி, இல்ல. நான் எதையும் பாக்கல." ஆர்மான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கூட்டிட்டு வந்ததுக்கு ரொம்ப நன்றிடா. என் வாழ்க்கையில யாரும் எனக்கு இவ்வளவு பெருசா ஒண்ணு செஞ்சதில்ல."

எல்வின் வாழ்நாளில் வாங்கிய நன்றிகளிலேயே கனமானது அதுதான். மறுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் கூசியது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன் என்றார். வெர்னா நம்பவில்லை, சரளைக் குழிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, இரவு ஜெபத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தாள்.

ஊர் அதை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. புது ஓடை கீழே இறங்கிச் சாலையைக் கடக்கும் இடத்தில் சேறு ஆனதுதான் திங்கட்கிழமைப் பேச்சு. ஊர்ச்சபை கூடி, குழாய் போட வேண்டும் என்று தீர்மானித்தது. மீன்வளக் காவலர் மெரில் வந்து தண்ணீரில் வெப்பமானியை விட்டு நாற்பத்தொன்று பாரன்ஹீட் என்று குறித்துக்கொண்டு, வேறு கேள்வி இல்லாமல் போனார். எல்வின் அந்தக் குழாயைத் தன் ஆயுளிலேயே கவனமாக இறக்கினார். ஓடை மட்டத்துக்கு ஒரு அடி கீழே புதைத்து, உள்ளே கையாலேயே கூழாங்கல் பரப்பி, மீனுக்குக் குழாய் என்றே தெரியாதபடி செய்தார். அந்தக் கோடையில், யாரும் கேட்காமலே, மரக்காட்டுச் சாலையைத் தோண்டிப் பழைய தொங்கும் குழாயையும் எடுத்துத் தாழ்த்திப் போட்டார். இரண்டாம் இலையுதிர் காலத்தில் அங்கே இரண்டு மீன் மேலே ஏறியதை வெர்னா பார்த்தாள். அவை பெருகும்வரை அந்த ஓடையில் தூண்டில் போடுவதில்லை என்று எல்வின் முடிவு செய்தார்.

ஆர்மான் மே மாதம் ஹார்ட்ஃபோர்டுக்குப் போகவில்லை. லிஸ் வந்து நின்றபோது, பருவம் முடியட்டும் என்றார். முடிந்ததும், அடுத்த பருவம் திறக்கட்டும் என்றார். டாக்டர் இதயத்தை மறுபடி கேட்டுவிட்டு, சத்தம் மோசம்தான், ஆனால் அவசரத்தில் இல்லை என்றார். இப்படியே 1979 ஏப்ரலும் 1980 ஏப்ரலும் வந்தன. தபிதாவில் ஊரே மீன் பிடித்தது. வில்லா கோப்லி கடையைப் பூட்டிவிட்டு வந்து நாலு பிடித்தாள். எல்வின் மட்டும் மூன்று வருடமும் ஒன்றும் இல்லாமல் கரையில் நின்றார். ஆர்மானின் நரம்பு சிக்கினால் எடுத்துவிட்டார், அவர் முழங்காலிலிருந்து எழக் கை கொடுத்தார். இது தனக்குச் சரியான தண்டனை என்றும், தண்டனையே இவ்வளவு சுகமாக இருந்தால் கடவுள் தாராளமானவர்தான் என்றும் வெர்னாவிடம் சொன்னார். இருந்தாலும், வேறொருவர் கோல் வளையும்போதெல்லாம் அவருடைய வலது கை தானாகக் கொஞ்சம் உயர்ந்து இறங்கும். மீன் இழுக்கும் அந்த இழுப்பு கையில் பட்டு அவருக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆர்மான் அந்தக் கையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

1980இல் பருவம் திறந்த அன்று மாலை கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், காவலர் மெரில் உட்பட. வில்லா மரியாதைக்கு ஆர்மானிடம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாள். ஆர்மான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"செலெஸ்தின் ஓடையில."

இருபத்தேழு வருடத்தில் ஆர்மான் எங்கள் ஊரில் சொன்ன முதல் பொய் அது.

"அது எங்க இருக்கு?" என்றாள் வில்லா.

"என் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி. கல்சுவருக்கும் மேப்பிள் தோப்புக்கும் நடுவுல. ஏழு மடு. ஆல்டர் கிடையாது, நிமிந்து நின்னு வீசலாம், வயசானவன் முதுகுக்கு நல்லது. இடுப்பு உயரத்துல உக்கார ஒரு கல்லு. நாற்பது மீன் பிடிச்சேன்."

மெரில் தலையை நிமிர்த்தினார். சட்டப்படி ஆளுக்குப் பன்னிரண்டுதான்.

"நாற்பதையும் விட்டுட்டேன் ஐயா," என்றார் ஆர்மான். பிறகு எல்வின் பக்கம் திரும்பினார். "எல்லாம் நான் பிடிச்சது. வேற ஒருத்தரும் அதுல கை வைக்கல. நல்லா ஞாபகம் வச்சுக்க."

எல்வின் எழுந்து வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார். ஆர்மானும் வந்து ஏறினார்.

"அப்போ நான் சொன்னத நம்பிட்டியா?"

"அன்னிக்கு நம்பல. போன வருஷம், அந்தப் பெரிய மீன் மறுபடியும் உன் கால்மேல வந்து படுத்துச்சு பாரு, நீயும் அத ஒண்ணும் பண்ணாம நின்னே. அப்போ நம்பினேன்."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஒரு வாரம் உன் வீட்டுப் பக்கமே வரல, ஞாபகம் இருக்கா? இருபத்திரண்டு வருஷம், எல்வின்! என் பூட்ஸ் எத்தனை போச்சு தெரியுமா?" ஆர்மான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். இந்தக் காடு முழுக்க எனக்குத் தெரியும், இங்கயே பொறந்தவனுக்குக்கூட அவ்வளவு தெரியாது. எல்லாம் உன் ஓடையத் தேடினதுல வந்தது. வண்டிய எடு, குளிருது."

"ஆனா உன்னோட ஓடை வர்றதுக்கும் இருபத்திரண்டு வருஷம் ஆகும்டா."

"உன்னோடது சோம்பேறிப் பொய். வருஷத்துக்கு ஒரு தடவை. நான் தினம் சொல்லப்போறேன்."

சொன்னபடியே செய்தார். அந்தக் கோடையும் இலையுதிர் காலமும் ஆர்மான் நாள் தவறாமல் கடைக்கு வந்து செலெஸ்தின் ஓடையைப் பற்றிச் சொன்னார். ஊரும் சும்மா இருக்கவில்லை. வழியில் பார்த்தவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். தபால்காரர் கேட்டார், முடிவெட்டுகிறவர் கேட்டார், ஆட்டுக்கறி விருந்தில் பரிமாறிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். சனிக்கிழமைகளில் பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அதே பொய்யைச் சொன்னாராம். பாதிரியார் அதற்கு ஒரு ஜெபத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, என்ன ஈ போட்டாய் என்று கேட்டாராம். பருவம் மூடி, ஓடைகள் உறைந்தபிறகு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். மெரில் ஜனவரியில் அவர் வீட்டுக்கே போய், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். நாற்பது மட்டும் மாறவே இல்லை. எல்வினுக்கு வந்த மாதிரி, எது எந்தக் கரை என்ற குழப்பம் ஆர்மானுக்கு ஒரு நாளும் வரவில்லை. பிப்ரவரி கடைசியில், லிஸ் பக்கத்தில் இருக்க, தூக்கத்திலேயே இறந்துபோனார். அன்று மாலையும் சொல்லிவிட்டுத்தான் படுத்திருந்தார்.

எல்வினுக்கு அந்த மார்ச் ஞாயிறுகள் கஷ்டமாக இருந்தன. வெர்னா சீட்டாடக் கற்றுக்கொண்டாள். நன்றாக ஆடினாள், அதுவே அவருக்கு அழுகையாக வந்தது. ஊர்ச்சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, டுகெட் பண்ணைப் பாதையில் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாய் இறக்க வேண்டும் என்றார். அங்கே தண்ணீர் எதுவும் கிடையாதே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்து, காய்ந்த பாதைக்கு அடியில் குழாயை ஒரு அடி ஆழமாகப் புதைத்து, உள்ளே கூழாங்கல் பரப்பினார்.

1981 ஏப்ரலில் பருவம் திறந்த அன்று காலை எட்டரைக்கே அவர் கல்சுவர்மேல் போய் உட்கார்ந்தார். வெர்னா கூட வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு மேப்பிள் தோப்பில் இலைச் சருகு நனைந்தது, பிறகு நகர்ந்தது, பிறகு தண்ணீர் வந்து குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் சத்தமில்லாமல் வெளியேறியது. ஏழு மடுக்களும் ஒவ்வொன்றாக நிரம்பின. எல்வின் அவசரப்படவில்லை. பத்தரைவரை காத்திருந்தார். பனிமேல் கறுப்புப் பூச்சிகள் ஊர ஆரம்பித்ததும் எழுந்து, முதுகை வளைக்காமல் நிமிர்ந்து நின்று வீசினார். ஈ இரண்டாம் மடுவின் தலைப்பில் விழுந்து கீழே போனது. நரம்பு நின்றது. அந்த இழுப்பு கோல் வழியாக இறங்கி உள்ளங்கைக்கு வந்து, தோள்வரை ஏறியது. எல்வின் வாய்விட்டு, நன்றிடா ஆர்மான், நன்றிடா என்று சொல்லிக்கொண்டே மீனைக் கரைக்குக் கொண்டுவந்தார். வெர்னா கூடையைத் திறந்து பிடித்தாள். அன்றைக்கு இரண்டோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

மதியம் வெர்னா மீனைச் சோளமாவில் புரட்டிப் பன்றிக்கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தபோது ஹார்ட்ஃபோர்டிலிருந்து போன் வந்தது. லிஸ்.

"வந்துருச்சா மாமா?"

"வந்துருச்சும்மா. உங்கப்பா சொன்ன எடத்துலதான்."

"நானும் இங்க ஆபீஸ்ல தினம் சொல்லிட்டிருந்தேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க." எல்வின் போனை அடுப்புப் பக்கம் நீட்டி, மீன் பொரியும் சத்தத்தை அவளுக்குக் கேட்கவிட்டார். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீங்க பிடிச்சீங்களா, எவ்வளவு பெருசு என்று கேட்டாள்.

ஒன்பது அங்குலம் என்றார் எல்வின். மீன் ஒன்பது அங்குலம்தான் இருந்தது.